முதியோர் இல்லப் பொதுக்கூடம்: ஏசியா, ஏர்கூலரா, மின்விசிறியா, கூரையா?

அக்னி நட்சத்திரம் முடியப் பத்து நாள் இருந்தது. இரவு ஒன்பதரை மணி. எங்கள் இல்லத்தின் மாடியில் இருக்கும் பொதுக்கூடத்தில் சுவர் வெப்பமானி 35 டிகிரி காட்டியது. கீழே முற்றத்தில் அதே நேரம் 30. ஆறு மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தொலைக்காட்சி பார்க்க வந்த எண்பத்திரண்டு வயது அம்மா ஒருவர் முந்தானையை நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். ஏணியைப் போட்டு ஏறிக் கூரையின் அடிப்புறத்தை உள்ளங்கையால் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன பாத்திரம் போல் சுட்டது. பகல் முழுவதும் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டைத்தான் மின்விசிறிகள் எங்கள் பெரியவர்கள் தலையில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தன.

திருச்சிப் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். மாசி பிறந்தால் மற்ற இல்லங்களை நடத்துபவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: “கூடத்துக்கு ஏசி வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார், வாங்கிக்கொள்ளலாமா? இல்லை, இரண்டு பெரிய ஏர்கூலர் போதுமா?” எந்த இல்லத்திற்கு எது பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் பெரியவர்களின் உடம்பு. வயது ஏற ஏற வியர்வை குறைகிறது, தோலுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைகிறது, தாகம் எடுப்பதும் குறைகிறது. சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சிறுநீர்ப்பைக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகள் ஆகியவை உடம்பு சூட்டை வெளியேற்றும் வழியை இன்னும் அடைத்துவிடும். ஆகவே “எனக்கு ஒன்றும் அவ்வளவு புழுக்கமாக இல்லையே” என்று நாற்பது வயது மேலாளர் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பெரியவரே “பரவாயில்லை தம்பி” என்று சொன்னாலும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது, காற்றின் ஈரப்பதம். நாகப்பட்டினத்தின் 34 டிகிரியும் கரூரின் 34 டிகிரியும் ஒன்றல்ல. மூன்றாவது, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது. நான்காவது, ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து பேருக்கும் இருபத்தைந்து உடம்பு. ரத்தசோகை உள்ளவருக்கும் தைராய்டு குறைந்தவருக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்குப் புழுங்கும்போதே குளிரும். ஐந்தாவது, இரைச்சல். பொதுக்கூடம் பேசிக்கொண்டிருப்பதற்கான இடம். காது மந்தமானவர்களுக்கு நடுவே இரைகிற இயந்திரத்தை வைத்தால் அந்தக் கூடத்தில் பேச்சே நின்றுபோகும். தரையில் ஈரமோ குறுக்கே ஓடும் ஒயரோ இருக்கிறதா என்பது ஆறாவது. இடுப்பெலும்பு முறிவு என்ன செய்யும் என்பதை முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செலவு கடைசியாக வருகிறது. அதிலும் வாங்கும் விலையை விட மாதாமாதம் ஆகும் செலவே பெரிது.

கணக்குக்காக ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம்: மேல்மாடி, 600 சதுர அடி, 25 பேர், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரப் பயன்பாடு.

| வழி | வெப்பநிலை குறையுமா | ஒரு நாள் மின்சாரம் | மின்வெட்டில் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| வெள்ளைக் கூரை, நிழல், இரவுக் காற்று | குறையும், சில டிகிரி | இல்லை | பலன் தொடரும் | ஆண்டுதோறும் கழுவுதல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு |
| 6 மின்விசிறிகள் | குறையாது, குளிர்ச்சி மட்டும் தெரியும் | பழைய வகை 4.5 யூனிட், பிஎல்டிசி (குறைந்த மின்சாரம் இழுக்கும் புதிய மோட்டார் வகை) 2 யூனிட்டுக்குள் | இன்வெர்ட்டரில் ஓடும் | கடும் வெயிலில் பலன் குறைவு |
| 2 பெரிய ஏர்கூலர்கள் | வறண்ட ஊரில் நன்றாக, கடலோரத்தில் மிகக் குறைவு | சுமார் 4 யூனிட் | பெரிய இன்வெர்ட்டர் வேண்டும் | தண்ணீர், கொசு, இரைச்சல், ஈரத்தரை |
| 3 ஏசி (தலா 1.5 டன்) | நன்றாகக் குறையும் | சுமார் 30 யூனிட் | ஜெனரேட்டர் இல்லாவிட்டால் நின்றுவிடும் | மின்சுமை உயர்வு, சர்வீஸ், அடைபட்ட காற்று |

கூரையும் சுவரும்

இந்த வரிசையில் இதைத்தான் முதலில் வைப்பேன். நன்கொடையாளர்கள் யாரும் தானாக முன்வந்து இதைத் தருவதில்லை என்பதால் அழுத்தியே சொல்கிறேன். ஏசியின் மேல் பெயர் எழுதலாம். மாடியில் அடித்த வெள்ளைப் பூச்சை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

மே மாத நண்பகலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரியை எட்டும். அந்தச் சூடு தளத்தைக் கடந்து உள்ளே வரப் பல மணி நேரம் பிடிக்கும். மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை கூடம் கொதிப்பது அதனால்தான். பெரியவர்கள் பிரார்த்தனைக்கும் தொலைக்காட்சிக்கும் கூடுகிற நேரமும் அதுதான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, அல்லது வெள்ளை ஓடு, இந்தச் சூட்டை மேலேயே நிறுத்திவிடுகிறது. எங்கள் மாடியில் பூச்சு அடித்த பிறகு வந்த மே மாதத்தில் இரவு ஒன்பதரைக்கு அதே வெப்பமானி 32 காட்டியது. மின்விசிறிகளை நாங்கள் மாற்றவில்லை. அதே விசிறிகளின் காற்று அப்போது காற்றாகவே இருந்தது.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன் மேல் தட்டையான ஓடுகளை (தட்டோடு) பதித்தார்கள். பழைய கட்டடத்தில் இல்லம் நடத்துபவர்கள் அந்தத் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் பூச வேண்டாம். இடுக்குகளை அடைத்து, மேலே வெள்ளை அடித்தாலே போதும்.

மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தால் மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் கட்ட வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல்களைச் சாத்தி, இரவு வெளிக்காற்று குளிர்ந்ததும் திறந்துவிடும் பழக்கத்திற்குப் பைசா செலவில்லை. கொசுவலை அடித்த சட்டம் மட்டும் வேண்டும். அது இல்லாததால்தான் பல இல்லங்களில் மாலை ஆறு மணிக்கே எல்லா ஜன்னல்களும் சாத்தப்படுகின்றன.

செலவுகள் உண்டு. பூச்சு தூசி படிந்து மங்கும், ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். தளத்தில் விரிசல் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பொதுக்கூடம் தரைத்தளத்தில் இருந்து மேலே இன்னொரு மாடி இருந்தால் கூரைப்பூச்சால் கூடத்திற்குப் பெரிய பலன் இல்லை. அங்கே மேற்குச் சுவரையும் ஜன்னலையும் மட்டும் பாருங்கள்.

தகரக் கூரைக்கு மேல் தென்னங்கீற்று போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டதைப் பார்த்த மாநிலம் இது. ஓட முடியாதவர்கள் தலைக்கு மேல் கீற்று வேண்டாம். தெர்மாகோல் தட்டுகளை மட்டும் ஒட்டிப் போடும் பொய்க்கூரையும் வேண்டாம். தீப்பிடித்தால் அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும்.

மின்விசிறி

மலிவானது, மின்சாரம் போனாலும் ஓடக்கூடியது, இரைச்சல் இல்லாதது. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஆறு பிஎல்டிசி விசிறிகளை ஒரு 150 ஏஎச் பேட்டரியில் ஐந்தாறு மணி நேரம் ஓட்டலாம். கூடம் முழுவதற்கும் ஒரே சுவிட்ச் போடாமல் ஒவ்வொரு விசிறிக்கும் தனி ரெகுலேட்டர் வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். “குறையுங்கள் தம்பி” என்பவர் ஒரு மூலையிலும் “கூட்டுங்கள்” என்பவர் இன்னொரு மூலையிலும் உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் கூடத்தில் மூன்று விசிறிகள் வேகமாகவும் மூன்று மெதுவாகவும் ஓடும். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைப் பெரியவர்களே ஒரு வாரத்தில் பிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை. வியர்வையை உலர்த்திக் குளிர்ச்சியைத் தருகிறது. வியர்வையே குறைந்தவருக்கு அந்தக் குளிர்ச்சியும் குறைவு. அறை வெப்பநிலை தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால் விசிறி வெந்த காற்றை உடம்பின் மேல் வீசுகிறது. 40 டிகிரிக்கு மேல் விசிறியை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதியவர்களுக்கு அந்த எல்லை 38 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மருந்துகளில் சிலவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் ஒரு டிகிரி கீழே. யார் யாருக்கு அது பொருந்தும் என்று வந்து பார்க்கும் மருத்துவரிடம் பங்குனியிலேயே பட்டியல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஈரத்துண்டால் கையையும் முகத்தையும் துடைத்துவிட்டு விசிறிக்கு அடியில் உட்காரவைத்தால், வியர்வை செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்யும்.

கால் வைத்து நிற்கும் டேபிள் ஃபேன், பெடஸ்டல் ஃபேன் வகைகளைப் பொதுக்கூடத்தில் வைக்கவே கூடாது. ஒயர் தடுக்கி விழுந்தால் மிச்சப்படுத்தியது எல்லாம் மருத்துவமனைக்குப் போய்விடும். காற்று போதாத மூலைக்குச் சுவர் விசிறி மாட்டுங்கள்.

ஏர்கூலர்

நனைத்த வெட்டிவேர்த் தட்டியை வாசலில் தொங்கவிட்ட காலத்திலிருந்து இதன் தத்துவம் மாறவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் ஆவியாகாது. கூலர் பொருந்துமா பொருந்தாதா என்பதை ஊர்தான் தீர்மானிக்கும்.

வேலூரிலோ கரூர் பரமத்தியிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகல், 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள். நல்ல கூலரிலிருந்து 28, 29 டிகிரியில் காற்று வரும். அருமையான மாற்றம் அது. சென்னையில் கடற்காற்று நுழைந்த பிறகு 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் கூலரிலிருந்து வரும் காற்று 30 டிகிரி இருக்கும், ஆனால் முழுக்க ஈரமாக இருக்கும். அரை மணி நேரத்தில் கூடம் முழுவதும் பிசுபிசுக்கும், வியர்வை உலராது, விசிறி தந்துகொண்டிருந்த குளிர்ச்சியும் போய்விடும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் ஏர்கூலருக்குச் செலவு செய்ய வேண்டாம். வறண்ட ஊரிலும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஏசி போல நினைத்துக் கதவைச் சாத்தினால் அங்கும் புழுங்கும்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. பெரிய கூலர் ஒன்று ஒரு பகலில் நூறு லிட்டரை எளிதாகக் குடித்துவிடும். லாரித் தண்ணீர் வாங்கும் இல்லத்திற்கு அது தனிச் செலவு. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் ஒரே பருவத்தில் தண்ணீர் நனைக்கும் பேட் முழுவதும் வெள்ளையாக இறுகிக் காற்று நுழையாது. தொட்டியில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். முட்டையிலிருந்து கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். இந்த வேலையை யார் செய்வார் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் கூலர் வாங்காதீர்கள். நாங்கள் வைத்திருந்த இரண்டில் ஒன்று அடியில் கசிந்தது. அதன் முன்னால் சாக்கு விரித்தோம். அந்தச் சாக்கிலேயே ஒருவர் கால் தடுக்கினார். நல்லவேளையாகப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே இரண்டு கூலர்களையும் ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு அடித்து ஏற்றினோம். இரைச்சலும் பாதியாகக் குறைந்தது. கூலர் வைப்பதானால் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வைக்க வேண்டும்.

ஏசி

வெளியே எப்படி இருந்தாலும் வெப்பநிலையையும் ஈரத்தையும் சேர்த்துக் குறைக்க வல்லது இது ஒன்றுதான். கடும் வெயில் நாளில் உயிரைக் காப்பதும் இதுதான். ஆகவே ஏசி வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்கே, எவ்வளவு என்பதில்தான் என் வாதம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறார். 25 பேர் என்றால் 2.5 கிலோவாட். ஒரு டன் ஏசி நீக்கும் சூடு 3.5 கிலோவாட்தான். அதாவது முக்கால் டன் ஏசி ஆட்களின் உடல் சூட்டுக்கே சரியாகிவிடும். அதற்கு மேல் கொதிக்கும் கூரை, மேற்கு ஜன்னல், ஆள் போய்வரும்போதெல்லாம் திறக்கும் கதவு எல்லாம் இருக்கின்றன. படுக்கையறைக் கணக்கில் ஒரு ஏசியை நன்கொடையாக வாங்கிக் கூடத்தில் மாட்டினால் அது நாள் முழுவதும் நிற்காமல் ஓடும், குளிரும் வராது, கட்டணம் மட்டும் வரும். மூன்று ஏசி என்றால் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டும், த்ரீ ஃபேஸ் இணைப்பு வேண்டும், பழைய கட்டடத்தில் ஒயரிங்கையே மாற்ற வேண்டியிருக்கலாம். கூரையில் பதிக்கும் கேசட் ஏசி காற்றை நான்கு பக்கமும் பரவவிடுவதால் பெரிய கூடத்திற்கு நல்லது, ஆனால் பொய்க்கூரையும் செலவும் கூடும்.

நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் விற்பனைக்கு வருகின்றன. பெரியவர்களுக்கு அதுவும் அதிகக் குளிர். 27இல் வைத்து விசிறியை மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (பிஇஇ) சொல்கிறது. அதை விட முக்கியம், 24 டிகிரிக் கூடத்திலிருந்து 37 டிகிரித் தாழ்வாரத்துக்கு வெளியேறும்போது தலைசுற்றி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் நாற்காலி போடக் கூடாது. மே மாத மதியத்தில் சால்வை போர்த்திக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால், ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருந்த காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். ஒருவருக்கு வந்த சளிக்காய்ச்சல் கூடம் முழுவதும் பரவ அது போதும். எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கோடையில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ வேண்டும். தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளேயே சொட்டும், மறுபடியும் ஈரத்தரை.

மின்வெட்டுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இர்மா புயல் அடித்தபோது, ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் ஏசிக்கு வந்த மின்சாரம் நின்றது. விசிறிகளையும் சிறு குளிர்விப்பான்களையும் வைத்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். 12 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே மின்சாரம் உள்ள மருத்துவமனை இருந்தது. அதற்குப் பிறகு அந்த மாநிலம், மின்சாரம் போனாலும் நான்கு நாட்களுக்கு அறை 27 டிகிரியைத் தாண்டாதபடி ஜெனரேட்டரும் எரிபொருளும் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. ஏசியை மட்டுமே நம்பிக் கட்டிய கட்டடத்தில் ஜன்னலும் சரியாகத் திறக்காது, கூரையும் தடுக்காது. மின்சாரம் போன சில மணி நேரத்தில் அது அடுப்பாகிவிடும்.

பிரான்ஸில் 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். அவர்கள் அதன்பின் எடுத்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. முதியோர் இல்லங்கள் கட்டடம் முழுவதையும் குளிர்விக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் குளிரூட்டிய பொது அறை ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. நம் இல்லங்களும் அந்த ஓர் அறையை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

எந்த இல்லத்திற்கு எது

கையில் பணம் குறைவு, கூடம் மேல்மாடியில்: வெள்ளைப் பூச்சு, மேற்குத் தட்டி, கொசுவலை, பிஎல்டிசி விசிறிகள். இதில் பூச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

உள்மாவட்டம், தண்ணீருக்குக் கவலையில்லை, வாரம்தோறும் தொட்டி கழுவ ஆள் உண்டு: மேலே சொன்னவற்றோடு ஜன்னலுக்கு வெளியே ஏர்கூலர். மழைக்காலத்தில் அதைக் காயவைத்து மூடி வைத்துவிடுங்கள்.

கடலோரம்: கூலர் இல்லை. விசிறிகளோடு, ஒரு சிறிய அறைக்கு மட்டும் ஏசி.

படுத்த படுக்கையானவர்கள், இதயநோய் உள்ளவர்கள், மறதிநோய் உள்ளவர்கள் இருக்கும் இல்லம் எந்த ஊராக இருந்தாலும் அந்த ஓர் அறை கட்டாயம். 600 சதுர அடிக் கூடத்தை விட்டுவிட்டு, கழிப்பறை ஒட்டிய 200 சதுர அடி அறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு ஒன்றரை டன் ஏசி ஒன்று போதும், சிறிய ஜெனரேட்டரே அதைத் தாங்கும். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை எட்டுப் பத்துப் பேரை முறைவைத்து அங்கே உட்காரவைக்கலாம்.

கோத்தகிரி, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் கேள்வியே வேறு. அங்கே மார்கழிக் குளிருக்கு எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் பாதுகாப்பானது. சாத்திய அறையில் கரி கணப்பு வைப்பது உயிருக்கு ஆபத்து.

பூச்சு வேலையைத் தை, மாசியில் முடித்துவிட வேண்டும். தளம் காய்ந்திருக்கும், ஆள் கிடைக்கும், சித்திரைக்கு முன் பலனும் தெரியும். எங்கள் கூடத்திற்கு மூன்று ஏசி தர வந்தவரை மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லி, அதே ஏணியில் ஏற்றிக் கூரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். அவர் ஒரு ஏசியும், மாடிக்கு முழுப் பூச்சும், மீதிக்கு ஒரு ஜெனரேட்டரும் வாங்கித் தந்தார்.